கணவாய் திறக்கும் காலம்

பிரான்ஸில் ஆல்ப்ஸ் மலைமேல் 2,764 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இஸெரான் கணவாய். இலையுதிர் காலத்தில் பனி விழ ஆரம்பித்ததும் அந்தச் சாலையை அடைத்துவிடுவார்கள். மறுபடி திறப்பது பெரும்பாலும் ஜூனில்தான். அதற்கு முன் பனி அகற்றும் எந்திரங்கள் நாள்கணக்கில் மேலேறி, வெண்மைக்கு அடியில் எங்கோ கிடக்கும் தார்ச்சாலையைத் தேடி எடுக்க வேண்டும். பனி அதிகம் பெய்த ஆண்டுகளில், சாலை திறந்த முதல் நாட்களில் இருபுறமும் ஆளை மறைக்கும் உயரத்துக்குப் பனிச்சுவர் நிற்கும். நடுவில் கறுப்பாக, ஈரமாக ஒரு சாலை. அதில் பைக் ஓட்டிப் போவதற்காகவே ஐரோப்பா முழுவதிலும் இருந்து ஆட்கள் வருகிறார்கள்.

பிரான்ஸை பைக்கில் சுற்ற ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வரைபடத்தை விரிக்கிறார்கள். பாரிஸில் தொடங்கி லுவார் ஆற்றங்கரைக் கோட்டைகள், போர்தோ திராட்சைத் தோட்டங்கள், பிரெனே மலை, மத்தியதரைக் கடற்கரை, ஆல்ப்ஸ் என்று விரல் ஓடுகிறது. பத்து நாட்களுக்கு மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கணக்கு வந்து நிற்கிறது. அந்தக் கணக்கோடு போகிறவர் கண்டு திரும்புவது சுங்கச்சாவடிகளையும் லாரிகளின் பின்பக்கத்தையும்தான். பிரான்ஸ் அப்படிப் பார்க்க வேண்டிய நாடு அல்ல. வரைபடத்துக்கு முன்னால் நாட்காட்டியை எடுங்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது. எந்த வாரம் போகிறோம், ஒரு நாளில் எந்த மணிக்கு எந்த உயரத்தில் இருக்கிறோம் என்ற இரண்டும் முடிவாகிவிட்டால் வழி தானாக அமையும். ஊர்ப் பட்டியலை முதலில் போட்டுவிட்டு நாட்களை அதற்குள் திணித்தால் மலையும் வெயிலும் கூட்டமும் சேர்ந்து திட்டத்தைக் கலைத்துவிடும்.

எந்த வாரம்?

மே மாதத்தில் உயரமான கணவாய்கள் மூடியே இருக்கும். அப்போது போகிறவருக்குத் தெற்கில் புரோவான்ஸும் செவென் மலைப்பகுதியும் பொருத்தம். எழுத்தாளர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் 1878-இல் ஒரு கழுதையோடு நடந்து கடந்த மலைகள் அவை. ஜூன் நடுவில் ஆல்ப்ஸ் விழிக்கிறது. ஜூலை முதல் வாரத்தில் பள்ளிகள் மூடுகின்றன. அதற்குப் பிறகு நாடே சாலைக்கு வந்துவிடும்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1936-இல் லெயோன் ப்ளூம் தலைமையிலான மக்கள் முன்னணி அரசு, தொழிலாளர் அனைவருக்கும் இரண்டு வாரம் ஊதியத்தோடு விடுப்பு என்று சட்டம் கொண்டுவந்தது. அதுவரை கடலையே பார்த்திராத ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் ரயிலிலும் சைக்கிளிலும் கிளம்பின. 1982-இல் அந்த விடுப்பு ஐந்து வாரமானது. இன்றும் பிரெஞ்சுக்காரர்கள் அதை உரிமையாகவே நினைக்கிறார்கள்; கோடையில் ஒட்டுமொத்தமாக எடுக்கிறார்கள். ஜூலை விடுமுறைக்காரர்கள் வீடு திரும்ப, ஆகஸ்ட் விடுமுறைக்காரர்கள் கிளம்ப, ஜூலை கடைசியிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும் வரும் சனிக்கிழமைகளில் இரண்டு வெள்ளங்களும் ஒரே சாலையில் மோதிக்கொள்ளும். 1975 கோடையில் அப்படி ஏற்பட்ட பெரும் நெரிசலுக்குப் பிறகுதான் அரசு ‘பிசோன் ஃபூத்தே’ என்ற போக்குவரத்து முன்னறிவிப்புச் சேவையைத் தொடங்கியது. ஒவ்வொரு நாளுக்கும் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று நிறம் கொடுத்து முன்கூட்டியே வெளியிடுகிறார்கள். கறுப்பு என்று போட்ட சனிக்கிழமையில் லியோனிலிருந்து தெற்கே போகும் ஏ7 நெடுஞ்சாலையில் இறங்காதீர்கள். அன்று ஏதாவது ஒரு மலைக் கிராமத்தில் தங்கி, துணி துவைத்துக் காயப்போடுங்கள்.

ஜூலையில் இன்னொன்றும் உண்டு. டூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் மலைக்கு வரும் நாட்களில் கணவாய்ச் சாலைகளை மணிக்கணக்கில் மூடிவிடுவார்கள். முந்தைய நாளே மேலே இடம் பிடித்துக் கூடாரம் போடுகிற ரசிகர்கள் ஆயிரக்கணக்கில். பந்தயத்தின் தடம் முந்தைய அக்டோபரிலேயே வெளியாகிவிடும். அதைப் பார்த்துத் தேதி குறிக்கலாம். கோடையில் சில காலை நேரங்களில் கலிபியே, இஸோவார் போன்ற கணவாய்களைச் சைக்கிளோட்டிகளுக்கு மட்டும் ஒதுக்கும் வழக்கமும் இருக்கிறது. இதைப் பற்றி முணுமுணுக்கும் பைக்காரர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. அந்தச் சாலைகளுக்கு உலகப் புகழ் தேடித் தந்தவர்கள் சைக்கிளோட்டிகள்தான்.

ஆக, ஜூன் மூன்றாம் வாரத்திலிருந்து ஜூலை முதல் சில நாட்கள் வரை ஒரு நல்ல இடைவெளி. பகல் மிக நீளம். இரவு ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும். பனி உருகி ஓடும் நீரால் அருவிகள் நிறைந்திருக்கும். விடுதிகளில் இடம் கிடைக்கும். இதைத் தவறவிட்டால் செப்டம்பர் முதல் பாதி. ஆகஸ்ட் தவிர வேறு விடுப்பே இல்லை என்றால் கடற்கரையை அறவே விட்டுவிட்டு மத்திய மலைப்பகுதியைச் சுற்றுவது நல்லது.

ஏரியிலிருந்து கடல் வரை

முதல்முறை போகிறவருக்கு ஒரே வழி சொல்லச் சொன்னால், ‘ரூத் தெ கிராந்த் ஆல்ப்’ என்ற பெரிய ஆல்ப்ஸ் சாலையைத்தான் சொல்வேன். ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள தொனோன்-லே-பேன் ஊரில் தொடங்கி, மலை மலையாக ஏறி இறங்கி, மத்தியதரைக் கடலில் நீஸ் நகரத்தில் முடிகிற சுமார் 720 கிலோமீட்டர் பாதை இது. 1909-இல் ‘டூரிங் கிளப் த பிரான்ஸ்’ என்ற பயணிகள் சங்கம் இந்தச் சாலையைக் கனவு கண்டது. அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களும் சைக்கிளோட்டிகளே. பணியின் கடைசிக் கண்ணியாக அமைந்தது இஸெரான். 1937 ஜூலையில் அதிபர் அல்பேர் லெப்ரன் அதைத் திறந்துவைத்தார். ஆல்ப்ஸில் தார் போட்ட கணவாய்களிலேயே உயரமானது என்ற பெருமை இன்றும் இஸெரானுக்கே.

720 கிலோமீட்டரை இரண்டு நாளில் ஓட்டி முடிப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஓட்டினால் நினைவில் தங்குவது முழங்கை வலிதான். ஐந்து நாள் வையுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் சராசரி வேகம் மணிக்கு 45 கிலோமீட்டரைத் தாண்டாது. நின்று பார்க்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டர் என்பது நிறைவான ஓட்டம்.

முதல் நாள் கொலொம்பியே, அரவி என்று 1,700 மீட்டருக்கு உட்பட்ட கணவாய்கள். புல்வெளி, மரவீடு, மணி கட்டிய மாடுகள். புதிய பைக்கும் புதிய சாலைப் பக்கமும் கைக்குப் பழக இந்த உயரமே போதும். இரவு போஃபோர் ஊரில் தங்கலாம். அந்த ஊர்ப் பெயரிலேயே வழங்கும் பாலாடைக்கட்டி, இந்த மேய்ச்சல் நிலங்களின் பாலில் ஆவது. பெரிய சக்கரங்களாகச் செய்து மாதக்கணக்கில் பதப்படுத்துகிறார்கள்.

இரண்டாம் நாள் காலையில் ரொஸ்லாந் ஏரி. பெயர்தான் ஏரி, 1960-களின் தொடக்கத்தில் மின்சாரத்துக்காகக் கட்டி முடித்த அணையின் நீர்த்தேக்கம் அது. ரொஸ்லாந் என்ற கிராமம் அந்த நீருக்கு அடியில் இருக்கிறது. கரையில் நிற்கும் சிறு தேவாலயம், மூழ்கியதன் நினைவாக மறுபடி எழுப்பியது. அங்கிருந்து 1,968 மீட்டர் உயரக் கணவாயைக் கடந்து போர்-ஸேன்-மொரீஸ் பள்ளத்தாக்கில் இறங்கி, வால் திஸேர் வழியாக இஸெரான் ஏற வேண்டும். வால் திஸேர் பனிச்சறுக்கு ஊர். கோடையில் பாதிக் கடைகள் மூடியிருக்கும். அதைத் தாண்டியதும் வீடுகள் மறைகின்றன, பிறகு மரங்கள், கடைசியில் புல்லும் மறைகிறது. இது வனுவாஸ் தேசியப் பூங்காவின் எல்லையோரம். 1963-இல் அமைந்த இந்தப் பூங்காதான் பிரான்ஸின் முதல் தேசியப் பூங்கா. உச்சியில் ஒரு கல் தேவாலயமும் குளிர்காற்றும். மறுபக்கம் இறங்கினால் பொன்வால்-ஸூர்-ஆர்க்: சுவரும் கல், கூரையும் கல். அன்றைக்கு அங்கேயே பைக்கை நிறுத்திவிடுங்கள் என்று வற்புறுத்துவேன். இன்னும் மூன்று மணி நேர வெளிச்சம் இருக்கிறதே என்று தோன்றும். அந்த வெளிச்சம் நடப்பதற்கு.

மூன்றாம் நாள் கலிபியே, 2,642 மீட்டர். 1911-இல் டூர் த பிரான்ஸ் முதன்முதலாக இதை ஏறியது. அப்போது இது சரளைப் பாதை. பலர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஏறினார்கள். பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி தெக்ராஞ்சுக்குத் தென்புறச் சரிவில் நினைவுத்தூண் இருக்கிறது. இறங்கி லோதாரே கணவாய் வழியே ப்ரியான்ஸோன் சேரலாம். 1,300 மீட்டர் உயரத்தில் நிற்கும் கோட்டை நகரம் அது. பதினான்காம் லூயியின் படைப் பொறியாளர் வோபான் வடிவமைத்த கோட்டைகள் என்ற வகையில் 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

நான்காம் நாள் இஸோவார். உச்சிக்குச் சற்றுக் கீழே, தென்பக்கம், மலை திடீரென்று நிறம் மாறுகிறது. மஞ்சள் பழுப்புச் சரளைச் சரிவு, அதன் நடுவே ஊசி ஊசியாகப் பாறைகள். ‘காஸ் தெஸெர்த்’ என்கிறார்கள். அங்கே ஒரு பாறையில் ஃபாஸ்தோ கொப்பி, லூயிஸோன் பொபே என்ற இரு சைக்கிள் வீரர்களின் நினைவுப் பலகைகள். பிறகு வார் கணவாய், பிறகு பார்ஸலொனெத். இந்தச் சிற்றூரில் மெக்ஸிகோவின் பெயரைச் சொல்லிக்கொண்டு பெரிய மாளிகைகள் நிற்பதைக் கண்டு வியக்காதவர் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பள்ளத்தாக்கின் மக்கள் மெக்ஸிகோவுக்குப் போய்த் துணி வணிகத்தில் பொருள் சேர்த்தார்கள். திரும்பி வந்தவர்கள் கட்டிய வீடுகள் அவை. பிழைக்கப் போனவர் ஊரில் கட்டிய வீடு என்றால் நமக்கு விளக்கம் வேண்டியதில்லை.

ஐந்தாம் நாள் கயோல் கணவாய் வழி போகலாம். பொனெத் வழியும் போகலாம். நான் பொனெத்தைச் சொல்வேன். கணவாய் 2,715 மீட்டர்தான். அதற்கு மேல் உச்சியைச் சுற்றி ஒரு வளையச் சாலை போட்டு 2,802 மீட்டருக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஐரோப்பாவிலேயே உயரமான சாலை என்ற பேச்சு இதைப் பற்றி அடிபடும். ஸ்பெயினில் வெலேதா மலைமேல் இதைவிட உயரமாகப் போகும் தார்ச்சாலை இருக்கிறது. பட்டம் யாருக்கானால் என்ன, அந்த உயரத்தில் நின்றால் நாலா பக்கமும் மலை தவிர வேறொன்றும் இல்லை. இறங்கும் வழியில் கைவிடப்பட்ட ராணுவக் குடியிருப்பின் இடிந்த சுவர்களைக் கடந்து, பைன் மரங்களுக்குள் புகுந்து, மாலையில் நீஸில் கடல்.

ஒரு நாளின் மணிகள்

உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு டிகிரி குறையும். நீஸில் 32 டிகிரி என்றால் பொனெத் உச்சியில் 15, காற்று வேறு. தாழ்வான தெற்குப் பகுதியிலோ வெயில் கொல்லும். 2019 ஜூன் 28 அன்று எரோ மாவட்டத்து வெரார்க் ஊரில் 46 டிகிரி பதிவாயிற்று. அந்த வெயிலில் கவச உடையோடு மதியம் மூன்று மணிக்குச் சமவெளியில் ஓட்டுவது தவறு. சமவெளியைக் காலை ஏழிலிருந்து பத்துக்குள் கடந்துவிட வேண்டும். வெயில் ஏறும்போது நாமும் மலை ஏறியிருக்க வேண்டும்.

மலையிலோ நேர் எதிர்க் கடிகாரம். கோடையில் ஆல்ப்ஸின் காலைகள் தெளிந்திருக்கும். வெயில் ஏற ஏற மேகம் திரண்டு, பிற்பகல் மூன்று நான்கு மணிக்கு இடியும் மின்னலும் சிலநேரம் ஆலங்கட்டியும் இறங்கும். இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் ஒதுங்க இடமும் அரிது. ஆகவே அன்றைய பெரிய கணவாயை மதியத்துக்கு முன் கடந்துவிடுங்கள்.

மதியம் என்றால் சாப்பாட்டுக் கணக்கும் வருகிறது. கிராமங்களில் பன்னிரண்டு மணிக்கு உணவகம் நிரம்பும்; இரண்டு மணிக்கு அடுப்பு அணைந்துவிடும். இரண்டேகாலுக்குப் போய்க் கெஞ்சினாலும் காபிதான் கிடைக்கும். மளிகைக் கடையும் மதியம் அடைப்பு. பன்னிரண்டரைக்குள் பள்ளத்தாக்கில் இறங்கி அன்றைய தட்டு என்று எழுதிப்போட்டிருப்பதைச் சாப்பிடுவது மலிவும்கூட. சைவம் சாப்பிடுகிறவர்கள் இரவு விடுதிக்கு முன்பதிவு செய்யும்போதே இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று எழுதிவிட வேண்டும். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் சேர்ந்த தார்த்திஃப்லெத் என்ற மலை உணவிலும் பன்றி இறைச்சித் துண்டுகள் இருக்கும். அறையும் இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்துத் தரும் சிறு விடுதிகள் மலை ஊர்களில் நிறைய உண்டு. ஓட்டி அலுத்து வருகிறவருக்கு அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

பெட்ரோலுக்கும் இதே முன்யோசனை தேவை. பல பங்க்குகளில் ஆள் இருக்க மாட்டார். கார்டு போட்டால்தான் குழாய் திறக்கும். அந்த எந்திரம் முதலில் ஒரு பெரிய தொகையைக் கார்டில் பிடித்து வைத்துப் பிறகு விடுவிக்கும். வெளிநாட்டு கார்டு சிலவற்றை ஏற்காது. இரண்டு வெவ்வேறு கார்டுகள் கையில் இருக்கட்டும். இ5, இ10 என்று வட்டத்துக்குள் எழுதியிருப்பவை பெட்ரோல். இ85 பைக்குக்கு ஆகாது. ‘கஸுவால்’ என்று எழுதியிருந்தால் அது டீசல். பெயரைப் பார்த்து ஏமாந்து டேங்க்கில் ஊற்றிவிடக் கூடாது. பெரிய கணவாய்க்கு முன் பள்ளத்தாக்கு ஊரிலேயே டேங்க்கை நிரப்புங்கள். மேலே பங்க் கிடையாது.

வலப்பக்கம்

நம் ஊரிலிருந்து போகிறவர்கள் அதிகம் பயப்படுவது குளிருக்கு. பயப்பட வேண்டியது சாலையின் பக்கம் மாறுவதற்கு. பிரான்ஸில் வண்டிகள் வலப்பக்கம் போகின்றன. எல்லா வண்டிகளும் ஓடிக்கொண்டிருக்கும்போது குழப்பம் வராது. தேநீருக்கு நின்றுவிட்டு ஆளில்லாத சாலையில் மறுபடி கிளம்பும் அந்த முதல் பத்து விநாடியில்தான் பழைய பழக்கம் கையைப் பிடித்து இழுக்கும். ரவுண்டானாவில் சுற்றுவதும் எதிர்த்திசையில். இடப்பக்கமிருந்து வருகிறவருக்கு வழிவிட்டு உள்ளே நுழைய வேண்டும்.

கொண்டை ஊசி வளைவுகளில் இது இன்னும் நுட்பமானது. இங்கே இடது வளைவு நமக்கு உள்வளைவு, இறுக்கமானது. வலது வளைவு அகலம். அங்கே தலைகீழ். வலது வளைவுகள் செங்குத்தாகவும் குறுகலாகவும் இருக்கும். மெதுவாக நுழைந்தால் வண்டி சாய்ந்து விழப் பார்க்கும், வேகமாக நுழைந்தால் எதிர்ப் பாதைக்குத் தள்ளும். முதல் கியரில், பின் பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டு, கண்ணை வளைவின் முடிவில் வைத்துத் திரும்ப வேண்டும். முதல் நாளே பெரிய கணவாய் வேண்டாம் என்று சொன்னதன் காரணம் இதுதான்.

கோடையில் இன்னொரு ஆபத்து ‘கிராவியோன்’. சூடான தாரின்மேல் சிறு ஜல்லியைத் தூவிச் சாலையைப் புதுப்பிக்கும் வேலை, வெயில் காலத்தில்தான் நடக்கும். சில நாட்கள் அந்த ஜல்லி ஒட்டாமல் உருண்டுகொண்டிருக்கும். அந்தப் பெயர் எழுதிய பலகையைக் கண்டால் வேகத்தைக் குறைத்து, கார்ச் சக்கரம் ஓடிச் சுத்தமான தடத்தில் போங்கள்; வளைவுக்குள் பிரேக் பிடிக்காதீர்கள்.

சட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நடுத்தடுப்பு இல்லாத இருவழிச் சாலைகளில் 2018 ஜூலை முதல் 80 கிலோமீட்டர் வரம்பு. சில மாவட்டங்கள் 90-க்குத் திரும்பியிருக்கின்றன, ஆகவே பலகையைப் பாருங்கள். ஊர்ப் பெயர்ப் பலகை வந்தாலே 50 தொடங்கிவிட்டது என்று பொருள். தனியாக எழுதியிருக்க மாட்டார்கள். பெயரின்மேல் குறுக்குக் கோடு போட்ட பலகை வந்தால் 50 முடிந்தது. அறிவிப்பு ஏதும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கச் சந்திலிருந்து வருகிறவருக்கே முன்னுரிமை. ரேடாரைக் காட்டிக்கொடுக்கும் கருவியும் காதுக்குள் வைக்கும் இயர்போனும் கூடாது. கையுறை 2016 நவம்பரிலிருந்து கட்டாயம், பின்னால் உட்காருபவருக்கும். இல்லையென்றால் 68 யூரோ அபராதம். கையுறையில் சி.இ. முத்திரை வேண்டும். ஹெல்மெட்டில் நம் ஐ.எஸ்.ஐ. முத்திரை மட்டும் போதாது, இ.சி.இ. தரச்சான்று வேண்டும். ஒளிரும் மேலங்கி ஒன்று எடுத்துச்செல்ல வேண்டும். வண்டி பழுதாகிச் சாலையோரம் நின்றால் அதை அணிந்திருக்க வேண்டும். பெட்டியின் அடியில் புதைத்து வைத்தால் பயனில்லை. நெரிசலில் வண்டிகளுக்கு நடுவே புகுந்து போவதற்கு 2025 ஜனவரியிலிருந்து நாடெங்கும் அனுமதி உண்டு. ஆனால் பெரிய சாலைகளில், இடக்கோடியின் இரண்டு வரிசைகளுக்கு நடுவே, 50 கிலோமீட்டருக்கு மிகாமல் மட்டும். நகரத் தெருவுக்கு அது பொருந்தாது.

சட்டத்தில் எழுதாத மரியாதைகள் அதைவிட அழகு. எதிரே வரும் பைக்காரர் இடக்கையின் இரண்டு விரலை நீட்டி வணக்கம் சொல்வார். நாமும் சொல்ல வேண்டும். கார்க்காரர் ஒதுங்கி வழிவிட்டால் கடக்கும்போது வலக்காலைச் சற்று நீட்டுவது நன்றி. வலக்கை ஆக்ஸிலரேட்டரை விட முடியாது, அதனால் கால். வண்டி நின்றுபோய் ஓரமாக நிற்கும் பைக்காரரைப் பார்த்தும் நிற்காமல் போவதை அங்கே யாரும் நல்லதாக நினைப்பதில்லை.

காகிதமும் வண்டியும்

இந்தியாவிலிருந்து போகிறவர் ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். அந்தக் காப்பீடு மோட்டார் சைக்கிள் விபத்தை ஏற்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல பாலிசிகள் இதைச் சாகச விளையாட்டு என்று ஒதுக்கிவிடும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் பிரிவு அதில் பதிவாகியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். வாடகைக் கடைகள் வயதும், உரிமம் எடுத்து ஆன ஆண்டுகளும் கேட்கும். முன்பணத்தை கிரெடிட் கார்டில் பிடித்து வைக்கும். விபத்தானால் நாம் கட்ட வேண்டிய உச்சத் தொகை எவ்வளவு என்பதே வாடகைத் தொகையைவிட முக்கியமான கேள்வி.

என்ன வண்டி? 1,200 சிசி ராட்சதன் தேவையே இல்லை. வரம்பு 80 கிலோமீட்டர். அதிலும் பாதி நேரம் வளைவு. எடை குறைந்த வண்டிதான் கொண்டை ஊசியில் கைக்கு அடங்கும். சென்னைக்கு அருகில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் பிரான்ஸிலும் விற்பனையாகிறது. ஏறத்தாழ 40 குதிரைத்திறன் கொண்ட அதன் 450 சிசி எஞ்சின் ஒருவருக்கும் சாமானுக்கும் எந்தக் கணவாயிலும் போதும். இருவர் என்றால் 700 சிசி வகையைப் பாருங்கள்.

வழிகாட்ட செல்பேசி இருந்தாலும் மிஷலின் தாள் வரைபடம் ஒன்று வாங்குங்கள். செல்பேசி விரைவான வழியைத் தேடும். நமக்கு அது வேண்டாம். மிஷலின் வரைபடத்தில் காட்சி நன்றாக இருக்கும் சாலைகளின் ஓரத்தில் பச்சைக் கோடு ஓடும். சரிவுக்கு அம்புக்குறி: ஒன்று என்றால் ஐந்து சதவீதத்துக்கு மேல், மூன்று என்றால் பதின்மூன்றுக்கு மேல்; முனை மேட்டைப் பார்த்து நிற்கும். இரவு அதை மேசையில் விரித்து மறுநாளின் பச்சைக் கோட்டைத் தேர்ந்தெடுப்பது பயணத்தின் பாதி இன்பம்.

திரும்பும் வழி

லியோனில் வண்டி எடுத்தால் அங்கேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். நீஸிலிருந்து நெடுஞ்சாலையில் ஐந்து மணி நேரம். அப்படித் திரும்பினால் ஒரு நல்ல பாதியை இழப்பீர்கள். நெப்போலியன் எல்பா தீவிலிருந்து தப்பி 1815 மார்ச் 1 அன்று நீஸுக்கு மேற்கே கோல்ஃப்-ஜுவான் கரையில் இறங்கி, ஆறே நாளில் மலை வழியாகக் கிரெனோபிளை அடைந்தார். சுமார் 325 கிலோமீட்டர் நீளும் அந்த வழியே இன்று ரூத் நபோலெயோன். கிராஸ் ஊரிலிருந்து கஸ்தெலான் வரை அகன்ற, சீரான வளைவுகள்; கணவாய்களில் கற்ற எல்லாவற்றையும் இங்கே நிதானமாகச் செய்து பார்க்கலாம்.

கஸ்தெலானில் ஒரு நாள் விலகி வெர்தோன் பள்ளத்தாக்கைச் சுற்ற வேண்டும். 700 மீட்டர் ஆழம் வரை ஆறு அறுத்த சுண்ணாம்புப் பாறை. அடியில் பச்சை நீர். தென்கரையில் டி71, வடகரையில் டி952; லா பாலூ ஊரிலிருந்து கிளம்பும் டி23 வளையம் விளிம்பை ஒட்டியே போகும். அதன் ஒரு பகுதி ஒருவழி, ஆகவே நுழையும் திசையைப் பார்த்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்கு முன் போனால் பாறு கழுகுகளும் நீங்களும்தான். பதினொன்றுக்குப் போனால் வீட்டு வேன்களின் வரிசை. கடுங்கோடையில் காட்டுத்தீ அபாயத்தால் தெற்கு மாவட்டங்களில் சில காட்டுப் பகுதிகளை அன்றன்றைக்கு மூடுவதுண்டு. முதல் நாள் மாலை மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட வேண்டும்.

திஞ், காப் வழியே வடக்கே ஏறி, லாஃப்ரே சரிவைக் கீழ் கியரில் இறங்கிக் கிரெனோபிளைத் தொடலாம். அங்கிருந்து வெர்கோர் பீடபூமி. பூர்ன் ஆற்றுப் பள்ளத்தாக்குச் சாலையும், 1861-இல் தொடங்கி 1898 வரை செங்குத்துப் பாறையில் குடைந்த கோம்ப் லவால் சாலையும் இந்தப் பயணம் முழுவதிலும் பொறியாளர்களுக்குக் கைகூப்பத் தோன்றும் இடங்கள். இதே பீடபூமியில் வஸியு என்ற ஊர் இருக்கிறது. நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்த போராளிகள் 1944-இல் இங்கே தளம் அமைத்திருந்தார்கள். அந்த ஜூலையில் ஜெர்மன் படை கிளைடர்களில் இறங்கி ஊரை அழித்தது. அங்கே போகிறவர்கள் இடுகாட்டில் சற்று நின்றுவிட்டுத்தான் நகர வேண்டும்.

வஸியுவிலிருந்து லியோன் ஒரு நாள் ஓட்டத்துக்கும் குறைவு. ஒன்றை மட்டும் முன்பதிவின்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பிரான்ஸில் பைக் கடைகள் பல ஞாயிறும் திங்களும் திறப்பதில்லை. கோடைச் சனிக்கிழமையோ சாலை நெரிசலின் நாள். செவ்வாய்க்கிழமை வண்டியை எடுத்து, மறுவாரம் வெள்ளிக்கிழமை மதியத்துக்கு முன் கொடுப்பதாக வைத்தால் அந்த இரு நாட்களையும் சேர்த்துப் பதினோரு நாள் கிடைக்கும். ஆல்ப்ஸுக்கு ஐந்து, நீஸில் ஓய்வு ஒன்று, வெர்தோனுக்கு ஒன்று, வடக்கே திரும்ப மூன்று. மீதி ஒரு நாளை எங்கும் எழுதாமல் விட்டுவையுங்கள். இஸெரானில் மழை கொட்டினால் பொன்வாலுக்கு வரும் முன்பே அது தேவைப்படும்.